கூந்தன்குளமா, ஊர்க் குளமா? மார்கழியில் நெல்லைப் பக்கம் பறவை பார்க்க

கேள்வி இதுதான்: மார்கழி விடுமுறையில் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறீர்கள். ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது. பைனாகுலர் இரவல் கிடைத்திருக்கிறது, பறவைப் பெயர்கள் அதிகம் தெரியாது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வண்டி பிடித்துப் போவதா, ஊர்க் குளத்தையும் வயக்காட்டையும் சுற்றினால் போதுமா?

மார்கழி என்றால் ஊர்க் குளமும் வயலும்தான் என்பேன். மாசி, பங்குனி என்றால் யோசிக்காமல் கூந்தன்குளம் போகச் சொல்லியிருப்பேன். இடத்தின் பெருமையைப் பார்த்துச் சொல்லவில்லை. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன். நம் பக்கம் குளிர்காலத்தில் பறவைகள் எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்வது தண்ணீரின் ஆழம். சரணாலயம் என்ற பலகை அதற்கு அப்புறம்தான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும். நல்ல மழை பெய்த வருஷத்தில் மார்கழி பிறக்கும்போது குளமெல்லாம் நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருக்கும். ஊருக்கு அது சந்தோஷம். பறவை பார்ப்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கடல் மாதிரி கிடக்கும் தண்ணீரின் நடுவில் வாத்துகள் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கும். சேற்றோரம் மேயும் உள்ளான் என்கிற சின்னப் பறவைக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீர் வேண்டும், நாரைக்கு முழங்கால் அளவு. தலையை முக்கி மேயும் வாத்துக்குக் கழுத்து எட்டுகிற ஆழம் வரைதான் சாப்பாடு. நிறைந்த குளத்தில் இவற்றுக்கெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு மட்டுமே மிஞ்சும். தை பாதிக்கு மேல் மடை வழியாகத் தண்ணீர் இறங்க இறங்க, குளம் தட்டையாகிச் சேறும் தென்பட ஆரம்பிக்கும்போதுதான் கூட்டம் கூட்டமாக வந்து சேரும்.

சரி, மார்கழியில் கணுக்கால் தண்ணீர் எங்கே இருக்கிறது? வயலில். பிசான (மழைக்கால நெல்) சாகுபடிக்குத் தொளி அடித்து, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுது, நடவுக்குத் தயாராகக் கிடக்கும் வயலும், நட்டு இன்னும் பச்சை மூடாத வயலும்தான் அந்த மாதத்தின் சரியான சதுப்பு நிலம். தலைமடைப் பக்கம் பயிர் முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும். மழை பிந்திய வருஷத்தில் கடைமடைப் பக்கம் அப்போதுதான் டிராக்டர் இறங்கும். ஆகவே முதல் நாள் சாயங்காலமே குளத்திலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவரையோ, டீக்கடையில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரையோ பிடித்து, “அண்ணாச்சி, நாளைக்கு எந்தப் பத்துல தொளி அடிக்காங்க?” என்று கேட்டுவிடுங்கள் (பத்து என்றால் வயல் தொகுதி). எந்தச் செயலியும் இந்தத் தகவலைத் தராது.

அடுத்தது வெளிச்சம். நம் பக்கம் நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்கே வளைந்திருக்கும், தண்ணீர் மேற்கே நிற்கும். காலையில் கரைமேல் நின்று குளத்தைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். பறவை மேல் நேர் வெளிச்சம் விழும், நிறம் அப்படியே தெரியும். அதே கரையில் திரும்பி நின்று கீழே வயலைப் பார்த்தால் கண் கூசும், எல்லாம் கருப்பு நிழலாகத் தெரியும். ஆகவே முதலில் குளம், அப்புறம் வயல். வயலுக்கு இறங்கும்போதும் கிழக்குப் பக்கமாகச் சுற்றிப் போய், மேற்கே பார்த்தபடி திரும்பி வாருங்கள்.

அந்த மாதத்தில் சூரியன் 6:35 வாக்கில் உதிக்கும். ஆறு மணிக்குக் கரையில் இருந்தால் போதும். தரையில் பனி பெய்திருக்கும், ஆனால் குளிர் என்று சொல்லுமளவுக்கு இருக்காது. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை முழங்கிக்கொண்டிருக்கும். மெர்லின் செயலியில் பறவைக் குரலைப் பதிவு செய்து பெயர் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்திருந்தால், மார்கழி விடியலில் அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாமக்கோழிகள் ஒலிபெருக்கியைச் சட்டை செய்வதேயில்லை.

குளம் முழுக்க ஒரே ஆழம் கிடையாது. கரையை ஒட்டி, மடைக்குப் பக்கத்தில்தான் ஆழம் அதிகம். அங்கே முங்கி மீன் பிடிக்கிறவை இருக்கும்: முக்குளிப்பான், நீர்க்காகம், கழுத்து மட்டும் வெளியே தெரிய நீந்தும் பாம்புத்தாரா. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முங்கி எழுந்த பிறகு மரக்கிளையிலோ கல்லிலோ சிறகை விரித்துக் காயப்போட்டபடி நிற்கும். குளத்துக்குள்ளேயே வளர்ந்திருக்கும் கருவேல மரங்களைப் பாருங்கள். கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் ராத்தங்குவது அதில்தான். விடியும்போது கூட்டம் கூட்டமாக அங்கிருந்து கிளம்பிப் போகிற காட்சிக்கே அரை மணி நேரம் கொடுக்கலாம். அவை எந்தத் திசையில் போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திசையில்தான் இன்றைக்குத் தொளி அடிக்கும் வயல் இருக்கும்.

தாமரையும் ஆம்பலும் படர்ந்த பகுதியில் நீலத் தாழைக்கோழி நடக்கும், உடம்பு நீலம், மூக்கும் நெற்றியும் சிவப்பு. இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியைப் புத்தகப் படத்தில் பார்த்துவிட்டு வந்தால் மார்கழியில் அடையாளம் தெரியாது. அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டும்தான். இப்போது வால் குட்டை, முதுகு வெளிர் பழுப்பு, கழுத்துப் பக்கவாட்டில் கருப்புக் கோடு. இலைமேல் நடக்கிறதா, கால் விரல்கள் அசாதாரணமாக நீளமா என்று பாருங்கள். பறக்கும்போது சிறகு பளிச்சென்று வெள்ளை.

வாத்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீலச்சிறகி வடக்கே ஐரோப்பா, ரஷ்யா பக்கமிருந்து வருவது. ஆணின் முகத்தில் வெள்ளைப் புருவக் கோடு அரிவாள் மாதிரி வளைந்திருக்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஆனால் மார்கழியில் பெரும்பாலான ஆண்கள் இன்னும் பெண் மாதிரியே பழுப்பாகத்தான் இருக்கும். அந்தக் கோடு தெளிவாக வருவது மாசி வாக்கில். அதனால் நூறு பழுப்பு வாத்தைப் பார்த்து “எல்லாம் ஒரே மாதிரி இருக்கே” என்று தோன்றினால் குறை உங்களிடம் இல்லை. ஊசிவால் வாத்து சுலபம்: கழுத்து நீளம், ஆணுக்கு வால் கூர்மை, அதற்குள் நிறமும் ஏறியிருக்கும். தட்டைவாயனுக்கு மூக்கைப் பார்த்தாலே போதும்.

நூற்றுக்கணக்கான வாத்து ஒரே நேரத்தில் எழும்பினால் வாத்தைப் பார்க்காதீர்கள், எதற்காக எழும்பின என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை அது சேற்றுப் பூனைப்பருந்தாக இருக்கும். கோரைப்புல்லுக்கு மேலே, ஆள் உயரத்தில், சிறகை லேசாக V வடிவில் தூக்கிப் பிடித்தபடி மிதந்து வரும். பெண்ணும் இளசும் அடர்ந்த காப்பிப்பொடி நிறம், தலையில் மட்டும் வெளிர் மஞ்சள். அது வரும் வழியில் நாமக்கோழிகள் சிதறலை விட்டு ஒரே கூட்டமாக நெருங்கும், வாத்துகள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி அதற்குப் பின்னால் போய் இறங்கும். செம்பருந்து அதே குளத்தின் மேல் சுற்றினால் அவை பெரிதாகக் கண்டுகொள்ளாது. எந்தப் பருந்துக்குப் பயப்பட வேண்டும் என்று அவற்றுக்கு நன்றாகத் தெரிகிறது. தூரத்தில் பறப்பது எது என்று நமக்கே குழப்பமாக இருக்கும்போது வாத்துகளின் தீர்ப்பை நம்பலாம்.

ஏழரை மணிக்குக் கரையை விட்டு வயலுக்கு இறங்கிவிடுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் காலையின் உயிர் இங்கேதான். தொளி அடிக்கும் டிராக்டருக்குப் பின்னால் நடப்பதைப் பாருங்கள். கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் சேற்றைப் புரட்டும்போது புழு, தவளைக் குஞ்சு, பூச்சி எல்லாம் மேலே வரும். முதல் வரிசையில் உண்ணிக்கொக்கும் சின்னக் கொக்கும். அவற்றுக்கிடையே மைனா. தலைக்கு மேலே இரட்டைவால் குருவி. இன்னும் கொஞ்சம் உயரத்தில் வெள்ளையும் சாம்பலுமாக, மெல்லிய சிறகோடு மிதந்து மிதந்து சேற்றைத் தொட்டுத் தொட்டு எழுவது மீசை ஆலா. அதைக் கடற்பறவை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு, நம் வயல்களில் அது குளிர்காலம் முழுக்கச் சாதாரணம். அடுத்த வயலில், டிராக்டர் போய்ச் சேறு படிந்த இடத்தில், நத்தைகுத்தி நாரைகள் நிற்கும். இரண்டு அலகுகளுக்கும் நடுவில் இடைவெளி இருப்பது தூரத்திலிருந்தே தெரியும். நத்தையைத் தண்ணீருக்கடியிலேயே பிடித்து, ஓட்டை நொறுக்காமல் சதையை மட்டும் உருவி எடுத்துவிடும். அது போன வரப்பில் காலி ஓடுகள் முழுசாகக் கிடக்கும், ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

வெள்ளை அரிவாள்மூக்கனும், அதைவிடச் சிறிதாக, கருப்பாகப் பளபளக்கும் இன்னொரு அரிவாள்மூக்கன் கூட்டமும் அதே வயலில் இருக்கலாம். வரப்பில் அசையாமல் நிற்கும் பழுப்புக் கொக்கு மடையான். அது உட்கார்ந்திருக்கும்வரை மண்கட்டி மாதிரியே இருக்கும். நீங்கள் நாலடி நெருங்கியதும் சட்டென்று வெள்ளைச் சிறகோடு எழும்பிப் போகும். புதிதாகப் பார்க்க வருபவர்கள் இரண்டையும் இரண்டு பறவையாகக் கணக்கு எழுதுவது வழக்கம்.

இனி உள்ளான்கள். இந்தச் சின்னப் பறவைகளைக் கண்டு முக்கால்வாசிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள், எல்லாம் ஒரே பழுப்பு என்று. அப்படி விட்டுவிட வேண்டாம். வயலில் உங்களுக்குத் தேவை மூன்றுதான். முதலாவது பொரி உள்ளான். கூட்டமாக இருக்கும், முதுகில் பொரி சிதறியது போல வெள்ளைப் புள்ளி, கண்ணுக்கு மேல் தெளிவான வெள்ளைக் கோடு, கால் மஞ்சள் கலந்த பச்சை. எழும்பினால் “சிப்-இப்-இப்” என்று கத்திக்கொண்டே உயரப் போகும், வாலடியில் வெள்ளைத் திட்டு தெரியும். இரண்டாவது சாதாரண உள்ளான். தனியாகத்தான் இருக்கும், வாய்க்கால் ஓரத்திலும் மடைக்கல்லிலும். நிற்கும்போதெல்லாம் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். நெஞ்சின் பழுப்புக்கும் சிறகுக்கும் இடையில் வெள்ளை நிறம் தோள்பட்டைவரை மேலேறியிருக்கும். பறந்தால் உயரப் போகாது, தண்ணீரை ஒட்டியே விறைத்த சிறகோடு படபடவென்று அடித்து, கொஞ்சம் மிதந்து, மறுபடி அடித்துப் போகும். மூன்றாவது பச்சை உள்ளான். இதுவும் தனிக்கட்டை. மேலே ரொம்பக் கருப்பு, எழும்பும்போது வாலடி வெள்ளை அப்படிப் பளிச்சிடும். சிறகின் அடிப்பக்கமும் கருப்பு என்பதால் பறக்கும்போது கருப்பு வெள்ளைப் பறவை என்றே தோன்றும். நிறம் பார்க்க வெளிச்சம் போதாவிட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: கூட்டமா தனியா, உயரப் போனதா தாழப் போனதா, வாலடி வெள்ளையா இல்லையா. பதில் வந்துவிடும்.

இளஞ்சிவப்பு நிறத்தில் ஒட்டகச்சிவிங்கிக் கால் போட்டு நிற்பது நெடுங்கால் உள்ளான், அதற்குப் புத்தகமே வேண்டாம். வரப்போரப் புல்லிலிருந்து காலடியில் வெடித்தது போலக் கிளம்பிக் கோணல்மாணலாகப் பறந்து மறைவது விசிறிவால் உள்ளானோ அதன் நெருங்கிய உறவோ. இந்த இரண்டையும் பறக்கும்போது பிரித்துச் சொல்வது தேர்ந்தவர்களுக்கே சிரமம், பொதுப்பெயரில் எழுதிவிட்டு நடங்கள். ஆள்காட்டி உங்களைப் பார்த்ததும் ஊருக்கே சொல்லிவிடும். அது கத்த ஆரம்பித்தால் மற்றவை எல்லாம் தலையைத் தூக்கும். அங்கேயே நின்றுவிடுங்கள், ஐந்து நிமிஷத்தில் அடங்கும்.

மின்கம்பியை மறக்காதீர்கள். வெயில் ஏறும்வரை தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பஞ்சுருட்டான்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும். பனங்காடை தனியாக ஒரு கம்பத்தில். முள்வேலியில் முகமூடி போட்டது போலக் கண்ணில் கருப்புப் பட்டையோடு பழுப்புக் கீச்சான், ஆசியாவின் வடகிழக்கிலிருந்து வந்தது. புதருக்குள்ளிருந்து “டக்… டக்” என்று யாரோ நாக்கைத் தட்டுவது போல ஒரு குரல் விடாமல் வந்தால் அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. ஆளைப் பார்ப்பது கஷ்டம். பார்த்தாலும் சொல்வதற்கு ஒன்றுமில்லாத பழுப்புதான்.

சாயங்காலமும் ஒரு மணி நேரம் கிடைக்குமானால் சூறைக்குருவிகளைத் தேடுங்கள். உடம்பு இளஞ்சிவப்பு, தலையும் சிறகும் கருப்பு. மத்திய ஆசியப் புல்வெளிகளில் கூடு கட்டிவிட்டு ஆடி, ஆவணியிலேயே இந்தியாவுக்குள் வர ஆரம்பிக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பொழுது சாயும்போது ஆயிரக்கணக்கில் சேர்ந்து, உடைமரக் காட்டில் அடைவதற்கு முன்னால் வானத்தில் வளைந்து வளைந்து பறக்கும். வெட்டுக்கிளி தின்பதால் விவசாயிக்கு நல்லது செய்கிறது, சோளக் கதிர் முற்றும்போது அதையும் தின்னும். மயிலைப் பற்றி மட்டும் வயக்காட்டில் யாரிடமும் பாராட்டாகப் பேசிவிடாதீர்கள். நாற்றும் கதிரும் பறிகொடுத்த கோபத்தில் இருப்பார்கள், அதில் நியாயமும் உண்டு.

கூந்தன்குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் குற்றமாகிவிடும். நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது, 1994ல் சரணாலயமானது, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 129 ஹெக்டேர். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிரப்புகிறது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரத்தில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும் கூடு கட்டும். தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் அந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கூட்டில் குஞ்சும் கீழே எச்சமுமாக அந்தத் தெருக்களைப் பார்க்க மாசி, பங்குனிதான் சரி. வரித்தலை வாத்தும் அங்கே வரும், தலையின் பின்பக்கம் இரண்டு கருப்புக் கோடு. மங்கோலியா, திபெத், லடாக் பக்கம் முட்டையிடுவது. செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்காணித்ததில் இமயமலையைத் தாண்டும்போது 7,290 மீட்டர் உயரம்வரை பறந்தது பதிவாகியிருக்கிறது. மார்கழியிலேயே போனாலும் இது கிடைக்கலாம். ஆனால் உங்கள் ஊரிலிருந்து போய்வரும் நேரத்தில் நல்ல காலை வெளிச்சம் பாதி கழிந்துவிடும். ஊர்க் குளம் வறண்டு கிடக்கும் வருஷமாக இருந்தால் கணக்கு மாறும். அப்போது கால்வாய்த் தண்ணீர் வருகிற கூந்தன்குளம், அல்லது விஜயநாராயணம் பெரியகுளம் போல அகன்ற குளங்கள்தான் கதி.

பைனாகுலர் எது கிடைத்தாலும் சரி, ஆனால் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலமுள்ளது. பத்து மடங்கு பெரிதாக்குவது இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றும், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். ரப்பர் செருப்பு போதும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். வண்டியில் போனால் இறங்காமல் உட்கார்ந்தே பாருங்கள். பைக்கில் இருக்கும் ஆளைவிட, இறங்கி நடந்துவரும் ஆளுக்குத்தான் பறவை அதிகம் பயப்படும்.

வரப்பில் நடக்கும்போது கவனம். நடவுக்கு முன் வரப்பை அண்டை வெட்டிச் சேறு பூசியிருப்பார்கள். ஈரமாக இருக்கும் அந்த வரப்பில் கால் வைத்தால் பள்ளம் விழும், தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடும், அப்புறம் நாலு பேர் திட்டுவார்கள். காய்ந்த பெரிய வரப்பில் நடங்கள், வயல்காரர் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்க வேண்டாம். கண்ணி வைத்திருப்பதையோ வாத்து விற்பதையோ பார்த்தால் நீங்களாகப் போய்ச் சண்டை போடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பார்த்ததை எழுதி வையுங்கள். பறவைப் பட்டியல் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலியில் குளத்துக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என்று தனித்தனிப் பட்டியலாகப் போடுவது நல்லது. இடமும் ஆழமும் வேறு, ஒன்றாகக் கலந்தால் பின்னால் யாருக்கும் உபயோகப்படாது. பெயர் தெரியாததை ‘வாத்து’ என்று பொதுவாகப் போடலாம், ஊகித்துப் பெயர் வைக்க வேண்டாம். உங்கள் விடுமுறை பொங்கல்வரை நீளுமானால் 2015லிருந்து நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் அந்தப் பட்டியல் சேரும், குறைந்தது 15 நிமிஷம் பார்த்தால் போதும். தாமிரபரணிப் பாசனக் குளங்களிலும் 2011லிருந்து ஜனவரி வாக்கில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் பெயர் கொடுத்தால் விவரம் தெரிந்தவர்களோடு ஒரு நாள் குளம் குளமாகச் சுற்றலாம், ஸ்பாட்டிங் ஸ்கோப் என்கிற, முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியும் அவர்களிடம் இருக்கும்.